குறுக்கே பேசுகிற அக்கா

சிறுவர் புத்தகங்கள் போடுகிற அந்தப் பதிப்பகத்தில் பத்தொன்பது வருஷமாக மெய்ப்புப் பார்க்கிறவளுக்குச் சல்லடை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி முதலாளியிலிருந்து தண்ணீர் கேன் கொண்டு வருகிறவர் வரை எல்லோருக்கும் அவள் சல்லடைதான். அச்சுக்குப் போகிற ஒவ்வொரு பக்கமும் அவள் மேஜையில் விழுந்து, கல்லும் மண்ணும் நீங்கித்தான் மாடிப்படி இறங்கும்.

மேஜை ஜன்னலோரம் இருந்தது. அதை வாங்க அவள் இரண்டு வருஷம் போராடியிருக்கிறாள். நடு ஹாலில் இருந்த பழைய இடத்துக்கு மேலே ஒரு ட்யூப்லைட் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தது.

"லைட் எங்கயாவது கத்துமா? எங்களுக்குக் கேக்கலையே" என்றார் முதலாளி.

"உங்களுக்குக் கேக்கலைங்கறதுக்காக அது வாயை மூடுமா சார்?"

கடைசியில் அவர் மேஜையை நகர்த்தச் சொன்னார். ஜன்னல் வழியே தெரிந்ததெல்லாம் எதிர்த் தையல்கடையின் பின்சுவரும் ஒரு கழிவுநீர்க் குழாயும்தான். சல்லடைக்கு அது அரண்மனை உப்பரிகை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் அவளுக்குத் தலை தலையாக இருக்கும்.

தினமும் காலையில் படியேறி வந்ததும் ஒரு ஜோக் சொல்வாள். தவறான இடத்தில் யாராவது சிரித்துவிட்டால், "சிரிக்கிற இடம் இன்னும் வரல" என்று சொல்லி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அதனால் ஆபீஸில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனமாகக் கேட்பார்கள்.

தனக்கு ஆட்டிசம் என்பது அவளுக்கு நாற்பத்தோரு வயதில், போகிற போக்கில் தெரிந்தது. தங்கை மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். பின்னாலிருந்து தொட்டால் பிடிக்குமா, சத்தம் பிடிக்குமா, திடீரென்று திட்டம் மாறினால் என்ன செய்வாள் என்று டாக்டர் கேட்கக் கேட்க, தங்கை யோசிப்பதற்குள் சல்லடை முந்திக்கொண்டு பதில் சொன்னாள். எட்டாவது கேள்வியில் டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, "நீங்க குழந்தையைப் பத்திச் சொல்றீங்களா, உங்களைப் பத்தியா?" என்றார்.

இரண்டு மாதம் கழித்து இரண்டு பேருக்கும் உறுதியானது. தங்கைக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "ஒரே டோக்கன்ல ரெண்டு பேரா?" என்று மட்டும் கேட்டாள்.

ஒரே டோக்கனே தவிர, இருவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. எல்லோரும் ஒன்றாக இருந்த அந்த வீட்டில் பெண்ணுக்கு ரேடியோ என்று பெயர். கண் திறந்ததிலிருந்து கண் மூடும்வரை ஒலிபரப்பு உண்டு. யாரைப் பார்த்தாலும் விலா எலும்பு நொறுங்கக் கட்டிப்பிடிப்பாள். தெருவில் எந்த வீட்டு அழைப்பு மணி எப்படி ஒலிக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. அது சரியாக ஒலிக்கிறதா என்று வாரம் ஒரு தடவை போய் அழுத்தியும் பார்ப்பாள். பொய் சொல்வதில் அவளை அடிக்க ஆளில்லை. எது உடைந்தாலும் பூனை தள்ளிவிட்டது என்பாள். அந்த வீட்டில் பூனையே கிடையாது.

கணக்கு மட்டும் வரவே வராது. பத்து வயதில் ஒருநாள் இருபத்தைந்துக்கு நான்கு மதிப்பெண் வாங்கி வந்து, அழுதுகொண்டிருந்த அம்மாவை அவளே தேற்றினாள்.

"அழாதம்மா. இன்னும் வரல, அவ்வளவுதான். ஆட்டிசம் இருக்கறவங்களுக்குத் திடீர்னு ஒருநாள் தானா வந்துடுமாம். கதையில படிச்சேன்."

அன்றிலிருந்து அவள் காத்திருந்தாள். காலையில் எழுந்ததும், "பெரியம்மா, ஏதாவது பெருக்கல் கேளு" என்பாள். சல்லடை கேட்பாள். ரேடியோ கண்ணை மூடி மேலே பார்ப்பாள். "ம்ஹூம். இன்னிக்கும் வரல" என்று பல் தேய்க்கப் போய்விடுவாள். ஒரு வருஷமாக இப்படியே நடந்தது. முதலில் சிரித்துக்கொண்டிருந்த சல்லடைக்கு நாளாக ஆகச் சிரிப்பு வரவில்லை. கண்ணை மூடுகிற நேரம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போனதை அவள் கவனித்திருந்தாள்.

சரி, ஆபீஸுக்கு வருவோம். சல்லடையிடம் இரண்டு ஆயுதங்கள் இருந்தன. ஒன்று சிவப்புப் பேனா. பிழைகளுக்கு அது. பக்கத்தின் ஓரத்தில் சிவப்பில் எழுதியது எதுவானாலும், கணினியில் பக்கம் கட்டுகிறவர் கேள்வி கேட்காமல் உள்ளே சேர்த்துவிடுவார். இன்னொன்று பென்சில். அது எழுதியவரிடம் கேட்கிற சந்தேகங்களுக்கு. பக்கம் கட்டுகிறவர் பென்சிலைத் திரும்பியும் பார்க்க மாட்டார். முதலாளிதான் அதை எழுத்தாளரிடம் எடுத்துப்போய்ப் பதில் வாங்கி வரவேண்டும்.

முதலாளிக்கு வாழ்க்கையில் பிடிக்காத பொருள் அந்தப் பென்சில்தான். சிவப்பு ஒன்று என்றால் பென்சில் பத்து இருக்கும். 'பக்கம் 12இல் நாய்க்கு இரண்டு குட்டி, பக்கம் 40இல் மூன்று. வாழ்த்துகள். ஆனால் எப்போது?' என்று இருக்கும். 'இந்த ராஜா காலையிலிருந்து குதிரைமேல் இருக்கிறார். குதிரைக்குத் தண்ணீர் காட்டினார்களா?' என்று இருக்கும்.

பக்கம் கட்டுகிறவருக்குப் பூட்டு என்று பெயர். வாயைத் திறக்க மாட்டார். தினமும் அதே ரொட்டி, அதே வாழைப்பழம், அதே மூலை. ஒருநாள் சல்லடை பக்கத்தில் போய், ரகசியக் குரலில், "நீங்களும் எங்க ஆளா?" என்று கேட்டாள்.

பூட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "இல்ல. எனக்குப் பேசப் பிடிக்கல. அவ்வளவுதான்" என்றார். அந்த வருஷம் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியின் குறுக்கே டீச்சர் வந்தார். பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு சிறுவர் கதைகள் எழுதியவர். அவர் ஆபீஸுக்குள் வந்தால் முதலாளிகூடத் தன்னையறியாமல் சட்டைப் பொத்தானைச் சரிபார்ப்பார். போன புத்தகத்தில் சல்லடை போட்ட நூற்றுப் பன்னிரண்டு பென்சில் சந்தேகங்களை டீச்சர் ஒவ்வொன்றாக உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, "நான் முப்பது வருஷம் கேள்வி கேட்டவ. என்னையே கேக்கறாளா?" என்று முதலாளியை நிற்க வைத்துக் கேட்டிருந்தார்.

புதுப் புத்தகம் வந்த அன்று முதலாளி சல்லடையின் மேஜைக்கே வந்தார். டப்பாவிலிருந்த பென்சில்களை அள்ளினார். சீவுகிற ஷார்ப்னரை எடுத்தார். ரப்பரையும் எடுத்தார்.

"ரப்பர் என்ன சார் பாவம் பண்ணுச்சு?"

"நல்லாக் கேட்டுக்கோ. டீச்சர் புத்தகத்துல இனி நீ பென்சிலத் தொடக்கூடாது. சிவப்புப் பேனா மட்டும்தான். மீறித் தொட்டேன்னு வை, மறுநாள் இந்த நாற்காலில வேற ஆள் உக்காந்திருக்கும். ஜன்னலோரம்னா ஓடி வர நாலு பேர் இருக்காங்க."

அவர் போன பிறகு சல்லடை நாற்காலியின் கைப்பிடியை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு புதுப் புத்தகத்தின் தாள்கட்டைப் பிரித்தாள்.

புத்தகத்தின் பெயர் 'கண்ணாடிக்குள் ஒரு சிறுவன்'. ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் கதை. மூன்றாம் பக்கத்திலேயே அவன் ஆறு இலக்க எண்களைப் பெருக்கினான். ஐந்தாம் பக்கத்தில், அவனுக்குச் சிரிப்பு என்றால் என்னவென்றே தெரியாது என்று இருந்தது. பதினேழாம் பக்கத்தில், 'அவனைப் போன்றவர்களுக்குப் பொய் சொல்லவே தெரியாது, அவர்கள் பனித்துளி போன்றவர்கள்' என்று இருந்தது. கடைசி அத்தியாயத்தில் காணாமல்போன ஒரு குழந்தையை வண்டி எண்களைக் கூட்டிக் கழித்தே கண்டுபிடித்து, முதன்முறையாக அம்மாவைக் கட்டிக்கொண்டான். ஊரே அழுதது.

சல்லடை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். புத்தகம் வந்தால் ரேடியோ படிப்பாள். அந்தப் பதிப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய அச்சுக்குப் போகும்முன் நாற்பது பிரதிகள் மட்டும் அடித்து, ஒரு சிறுவர் நூலகத்துக்கு அனுப்புவார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். 'எந்தப் பக்கத்தில் உனக்குச் சலிப்பு வந்தது?' என்று அதில் கேட்டிருக்கும். ரேடியோ அந்த நூலகத்தில் உறுப்பினர். இதைப் படித்துவிட்டு, இன்னும் எத்தனை வருஷம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாளோ?

முதலாளி சொன்னதன் அர்த்தம் சல்லடைக்குப் புரியாமல் இல்லை. கேள்வியே கேட்காதே என்கிறார். பச்சைக் குழந்தைக்கும் புரியும். ஆனால் அவர் வாயால் சொன்னது பென்சிலைத் தொடாதே என்பது மட்டும்தான். அவளுக்கு ஆட்டிசம் என்பது ஆபீஸுக்கும் டீச்சருக்கும் தெரியும். சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால் நம்பப்படுகிற ஒரே ஆள் இந்த ஆபீஸில் தான்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். பத்தொன்பது வருஷத்தில் முதன்முறையாக அந்தச் சலுகையைப் பயன்படுத்தினால் என்ன?

சிவப்புப் பேனாவைத் திறந்தாள்.

நாலு நாளில் வேலை முடிந்தது. ஓரங்களெல்லாம் ரத்தக்களறி. இவ்வளவு நீளமான சிவப்பைப் பார்த்தால் பூட்டே எழுந்துபோய் முதலாளியிடம் காட்டுவார், முதலாளி கத்துவார், எப்படியாவது விஷயம் டீச்சர் காதுக்குப் போகும் என்பது அவள் கணக்கு. கணக்கில் அவள் ரேடியோவுக்குப் பெரியம்மா என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது.

பூட்டு எழுந்து போகவில்லை. சிவப்பு என்றால் உள்ளே சேர்க்க வேண்டும். சேர்த்தார். கமா விடாமல், கேள்விக்குறி விடாமல், ஒவ்வொன்றையும் அது எந்த வரிக்கு நேரே இருந்ததோ அந்த வரிக்குப் பக்கத்திலேயே சேர்த்தார். வழக்கமாக இரண்டாம் மெய்ப்பு சல்லடையிடம் வரும். இந்தத் தடவை முதலாளி உஷாராக இருந்தார். "திரும்ப அவகிட்டப் போனா எங்கிருந்தாவது பென்சில் முளைக்கும்" என்று சொல்லி, நேரே நாற்பது பிரதி அடிக்க அனுப்பிவிட்டார்.

புத்தகம் கலகலவென்று நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. உள்ளே இப்படி இருந்தது:

'அவன் யாருடைய கண்ணையும் பார்க்க மாட்டான். அவனுக்கு உணர்ச்சி என்பதே இல்லை. யார் சொன்னது? கண்ணைப் பார்த்தால் நீங்கள் பேசுவது காதில் ஏறாது. பார்க்கட்டுமா, கேட்கட்டுமா? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.'

'மழை பெய்தது. அவன் ஜன்னலோரம் நின்று துளிகளை எண்ணத் தொடங்கினான். மழையை யாராலும் எண்ண முடியாது. இவனைச் சும்மா வேடிக்கை பார்க்கவே விடமாட்டீர்களா?'

'அம்மா கண்ணீரோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த அம்மா அழுதது போதும். பையன் ஐந்து பக்கமாகச் சாப்பிடவில்லை.'

பத்து நாள் கழித்து நாற்பது சீட்டுகளும் ஒரு உறையில் திரும்பி வந்தன. முதலாளி தேநீர் குடித்துக்கொண்டே பிரித்தார். முதல் சீட்டில், 'சலிப்பே இல்லை. குறுக்கே பேசுகிற அக்கா சூப்பர்' என்று இருந்தது. எந்த அக்கா என்று யோசித்தபடி இரண்டாவதைப் பிரித்தார். 'டீச்சர் மாதிரி ஒருவர் கதை சொல்கிறார். ஓர் அக்கா சண்டை போடுகிறார். நாங்கள் குறுக்கே பேசினால் வெளியே நிற்க வைப்பார்கள். இவரை யாரும் நிற்க வைக்கவில்லை.' மூன்றாவதில், 'அக்கா இல்லாத பக்கங்களில் தூக்கம் வந்தது' என்று இருந்தது. தேநீர் பாதியிலேயே ஆறிப்போனது.

புத்தகத்தை எடுத்துப் புரட்டியவர், நாலு பக்கத்துக்குள், "சல்லடை!" என்று போட்ட சத்தத்தில் எதிர்த் தையல்கடையில் இரண்டு மெஷின் நின்றது.

டீச்சருக்கும் ஆள் போயிற்று. அரை மணியில் அவர் வந்துவிட்டார். முதலாளியின் அறையில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் சீட்டுகளும் புத்தகமும் கிடந்தன. பூட்டு சுவரோரம் நின்றார்.

"இத எதுக்குய்யா உள்ள போட்ட?" என்று பூட்டிடம் பாய்ந்தார் முதலாளி.

"சிவப்பு" என்றார் பூட்டு. அவரைப் பொறுத்தவரை விசாரணை முடிந்தது.

முதலாளி சல்லடை பக்கம் திரும்பினார். அவளுடைய கண் அறையின் கதவுக்கு வெளியே, ஜன்னலோர நாற்காலியில் இருந்தது. நாளைக்கு அதில் யார் உட்காருவார்கள் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னை நான் என்ன சொன்னேன்?"

"பென்சிலத் தொடக்கூடாது, சிவப்புப் பேனா மட்டும்தான்னு சொன்னீங்க சார்."

கோபம் இருந்தாலும் முதலாளி கெட்டவரில்லை. பத்தொன்பது வருஷப் பழக்கம். அவரே ஒரு பாலம் போட்டுக் கொடுத்தார். "அதாவது... நான் சொன்னதை நீ அப்படியே எடுத்துக்கிட்ட. உள்ள அர்த்தம் புரியல. அப்படித்தானே?"

அப்படித்தான் என்றால் நாற்காலி மிச்சம். சல்லடை தலையைக் குனிந்தாள். குரலைத் தணித்தாள். பூனைமேல் பழி போடும்போது ரேடியோ கையை எப்படிப் பிசைவாளோ அப்படியே பிசைந்தாள்.

"ஆமா சார். எனக்கு அப்படித்தானே புரியும்? சிவப்புலதான் எழுதணும்னு சொன்னதா நினைச்சுட்டேன்."

அறையே இளகிவிட்டது. முதலாளி பெருமூச்சு விட்டார். டீச்சரின் முகத்தில் இருந்த இறுக்கம் போய், ஒரு பிரகாசம் வந்தது.

"பாத்தீங்களா!" என்றார் டீச்சர். "நான் எழுதினது அப்படியே! சொன்னதைச் சொன்னபடி செய்வாங்க. கள்ளம் கபடம் தெரியாது. பாவம், இவளை ஒண்ணும் சொல்லாதீங்க. பனித்துளி!"

பாவத்தோடு விட்டிருந்தால் சல்லடை வாயை மூடிக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்திருப்பாள். பனித்துளிதான் காரியத்தைக் கெடுத்தது. காலையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற ஒரு முகம் கண்முன் வந்தது.

"டீச்சர்" என்றாள். "இப்ப நான் சொன்னது பொய்."

"என்னது?"

"சுத்தப் பொய். சார் சொன்னது எனக்கு அன்னிக்கே நல்லாப் புரிஞ்சுது. தெரிஞ்சேதான் சிவப்புல எழுதினேன். மாட்டினா இப்படிச் சொல்லித் தப்பிச்சுக்கலாம்னு அன்னிக்கே யோசிச்சு வெச்சுட்டேன். எப்படி இருந்துச்சு? நம்புனீங்களா?"

சல்லடை மேஜைமேல் கிடந்த புத்தகத்தைக் காட்டினாள்.

"பதினேழாம் பக்கத்துல, எங்களுக்குப் பொய் சொல்லவே தெரியாதுன்னு போட்டிருக்கீங்க. அதைத் திருத்தணும்னு ஓரத்துல சிவப்புல எழுதியிருந்தேன். பூட்டு சார் அதையும் உள்ள சேத்திருப்பார், பாருங்க."

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, நானே காப்பாத்தி விட்டேனே! வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா உன்னால?"

"முடியும் சார். வெறும் பாவம்னு விட்டிருந்தா இருந்திருப்பேன்."

சுவரோரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. பூட்டு சிரித்தார். பூட்டுக்குச் சிரிப்புச் சத்தம் ஒன்று இருக்கிறது என்பதே அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. சரியான இடத்தில் சிரித்தார் என்று சல்லடை மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

டீச்சர் சீட்டுகளை முன்னால் இழுத்து ஒவ்வொன்றாகப் படித்தார். அவர் விடைத்தாள் திருத்தும்போது இப்படித்தான் இருந்திருப்பார். படிக்கப் படிக்க முகம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

"முப்பத்தொரு புத்தகம்" என்றார் கடைசியில். "ஒரு சீட்டுலகூட 'இன்னும் கொஞ்சம் எழுதுங்க'ன்னு வந்ததில்ல. இதுல பதினாலு பேர் எழுதியிருக்காங்க. எனக்கு இல்ல, உனக்கு."

ஆறுதல் சொல்வது சல்லடைக்கு எப்போதுமே கைவராத வேலை. "இந்தக் கதையில நாய்க்குட்டி வர்ற பக்கம் நல்லா இருந்துச்சு டீச்சர். அங்க நான் எதுவும் எழுதல" என்றாள். அது உண்மை. டீச்சர் புத்தகத்தைப் புரட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அக்கா குறுக்கே பேசாத பக்கம்.

கடைசிச் சீட்டு ரொம்பக் கோணலான கையெழுத்தில் இருந்தது. டீச்சர் அதை உரக்கப் படித்தார். "'எனக்கும் இந்தப் பையனுக்கும் ஒண்ணேதான்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஆனா இவன் ரொம்ப போர். எனக்குக் கணக்கு எப்ப வரும்னு அந்த அக்காகிட்ட எழுதிக் கேக்கலாமா? வராதுன்னா அதையும் சொல்லிடச் சொல்லுங்க. காத்திருக்கறது கஷ்டமா இருக்கு. பின்குறிப்பு: பக்கம் இருபது பூனையால கிழிஞ்சுது.' யாரு இது?"

சல்லடை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எங்க வீட்டுல பூனை இல்ல டீச்சர்" என்றாள்.

டீச்சர் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். பழக்கம் போகுமா, முதல் பக்கத்தில் ஓரம் விட்டுக் கோடு போட்டார்.

"சரி, சொல்லு. ஆட்டிசம் இருக்கற குழந்தை எப்படித்தான் இருக்கும்? எழுதிக்கறேன்."

"எந்தக் குழந்தை?" என்றாள் சல்லடை.

டீச்சர் எழுதப் போன கை அப்படியே நின்றது. முப்பது வருஷம் பள்ளியில் இருந்தவர். எத்தனையோ பிள்ளைகளின் முகம் மனசில் வந்து போயிருக்கும். "உக்காரு" என்றார் பிறகு. முதலாளியிடம், "இன்னும் நாலு மாசம் தள்ளிப் போடுங்க" என்றார். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்து, சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு, சரி என்றார்.

நாற்காலியைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. மறுநாள் காலை சல்லடை படியேறி வந்தபோது அது காலியாகவே இருந்தது. மேஜைமேல் அவளுடைய பென்சில் ஒன்று கிடந்தது. பாதியாகியிருந்தது. நடுவில் இருந்த நாட்களில் முதலாளி அதைக் குறுக்கெழுத்துப் போட்டிக்குப் பயன்படுத்தியிருந்தார். முனையில் பல் தடம் வேறு. சல்லடை அதைக் கைக்குட்டையால் பிடித்துத் துடைத்துத் துடைத்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் வெறும் கையால் தொட்டாள். ரப்பர் திரும்பி வரவே இல்லை.

அன்று மாலை வீட்டில் அவள் ரேடியோவுக்குப் பதில் சொன்னாள். "வராதுடி. தானா எல்லாம் வராது. எனக்கும் வரல. நாமளா படிச்சாக் கொஞ்சம் வரும், ரொம்ப வராது." ரேடியோ ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தாள். வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டார்கள். பிறகு, "அப்பாடா" என்று சொல்லிவிட்டு, தெருக்கோடி வீட்டு மணியை அழுத்தப் போய்விட்டாள்.

நாலு மாதம் கழித்து டீச்சரின் புதுக் கட்டு வந்தது. இந்தத் தடவை கண்ணாடியும் இல்லை, ஒற்றைச் சிறுவனும் இல்லை. ஒரே வகுப்பில் நாலு பிள்ளைகள். ஒருத்தன் ஜோக் சொல்லிவிட்டு எங்கே சிரிக்கவேண்டும் என்றும் சொல்வான். ஒருத்தன் பேசவே மாட்டான். அட்டையில் படங்களைக் காட்டித்தான் பேசுவான், அதிலும் சண்டைதான் அதிகம் போடுவான். ஒருத்திக்குக் கணக்கு நிஜமாகவே நன்றாக வரும். இருக்கட்டும், அப்படியும் இருப்பார்கள்தானே என்று சல்லடை பேசாமல் தாண்டினாள். நாலாவது ஒரு பெண். ஊரிலுள்ள வீட்டு மணியையெல்லாம் அழுத்துகிறவள்.

ஒன்பதாம் பக்கத்தில், 'அவள் கொஞ்சம் வாயாடிதான். ஆனாலும் மனதளவில் அவள் ஒரு தேவதை' என்று இருந்தது.

சல்லடை பாதிப் பென்சிலை எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் முனையைச் சரிபார்த்துக்கொண்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினாள்:

'தேவதையா? நேற்று என் மூக்குக் கண்ணாடிமேல் உட்கார்ந்துவிட்டுப் பூனை என்றாள். விசாரித்து எழுதவும்.'